மரம் தாகமாக இருக்கும் மாதம்: மார்கழியில் குமரி மாவட்டப் பழத்தோட்டங்கள்

ஜனவரி 5, திங்கள். நாகர்கோவில்

காலை ஐந்தரை மணிக்கு வடசேரி பேருந்து நிலையம். இங்கே மார்கழிக் குளிர் என்றால் 21, 22 டிகிரிதான். ஆனாலும் சாயாக்கடை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் தலையோடு காதையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார்கள். ஆண்டின் பாதியை ஈரத்திலேயே கழிக்கிற ஊர் இது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டும் ஓய்ந்து, பனி இறங்கி, மண் முதல்முறையாகக் காயத் தொடங்குகிற நேரத்தைத்தான் இந்த ஊர்க்காரர்கள் குளிர் காலம் என்கிறார்கள். பழம் இல்லாத இந்த மாதங்களில் பழத்தோட்டக்காரர்கள் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஐந்து நாள் பயணம்.

காலைச் சாப்பாடு தோசையும் ரசவடையும். பருப்பு வடையை ரசத்தில் ஊறப் போட்டு, தோசையோடு சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவது இந்த மாவட்டத்து வழக்கம். மூன்று தோசை, இரண்டு வடை, ஒரு சாயா எல்லாம் சேர்த்து 75 ரூபாய். தேங்காய்ச் சட்னி கேட்டபோது, "ரசவடைக்கு எதுக்கு சட்னி, ஊறட்டும், பொறுங்க" என்று பரிமாறியவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். வடை நன்றாக ஊற ஐந்து நிமிடம் வேண்டும்.

சந்தையில் வாழைக்கு ஓய்வே கிடையாது. ஏத்தன், பாளையங்கோட்டன், செவ்வாழை, ரசகதலி எல்லாம் தார் தாராகத் தொங்கின. ஆனால் இந்த ஊரின் பெருமை மட்டிதான். விரல் நீளம், மெல்லிய தோல், தேன் மணம். பல் முளைக்காத குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் இதுதான். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மட்டியிலும் செம்மட்டி, தேன்மட்டி, நெய்மட்டி என்று வகை இருக்கிறது. மார்கழியில் மட்டி வியாபாரிக்கு ஒரு சிக்கல்: வெயில் காலத்தில் அறையில் தொங்கவிட்டால் நான்கு நாளில் பழுக்கிற தார், இப்போது ஆறு நாள் வரை இழுக்கும். அவசரப்பட்டுப் புகை மூட்டம் கூடுதலாகப் போட்டால் தோல் மஞ்சளாகிவிடும், உள்ளே நடுத்தண்டு கல்லாகவே இருக்கும். வாங்குகிறவர்கள் காம்புப் பக்கத்தை அமுக்கிப் பார்ப்பது அதனால்தான்.

ரம்புட்டான் இல்லை, மங்குஸ்தான் இல்லை. ஆனால் ஒரு பாட்டி சாக்கு விரித்து எட்டு மாம்பழம் வைத்திருந்தார். ஜனவரியில் மாம்பழம். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "நம்ம கொட்டாரம் பக்கத்துக் காய்தான் மக்ளே. வேணும்னா எடு, அமுக்காதே" என்றார். கொட்டாரம் கடைசி நாள் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ஜனவரி 6, செவ்வாய். குலசேகரம், பேச்சிப்பாறை

தக்கலை தாண்டியதும் காற்றின் மணமே மாறுகிறது. ரப்பர்ப் பால் உறைந்த புளிப்பு வாடையும் ஈர இலை வாடையும் கலந்த மணம். வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் இறங்கவில்லை. இன்று மூன்று ராஜாக்கள் திருநாள், இன்றிரவோடு கழற்றிவிடுவார்கள்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில், ரப்பருக்கு நடுவிலும் வீட்டைச் சுற்றியும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் நிற்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை பழம். பறித்து முடிந்த உடனே, காய்த்த நுனிக் கிளைகளை ஒரு முழம் விட்டுக் கவாத்து செய்து, தொழுஉரம் போட்டுவிடுவார்கள். அக்டோபர் மழையில் புதுத் தளிர் வந்து, டிசம்பருக்குள் முற்றிவிடும். முற்றிய தளிரின் நுனியில்தான் பூ வரும். அதற்குப் பிறகு தோட்டக்காரர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: எதையும் செய்யாமல் இருப்பது.

இது கேட்கச் சுலபம், கடைப்பிடிக்கக் கடினம். ரம்புட்டானுக்குப் பூ எடுக்க மூன்று நான்கு வாரம் தொடர்ச்சியான வறட்சி வேண்டும். மங்குஸ்தானுக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஒரு நல்ல மழையோ, ஒரு நாள் குழாய்த் தண்ணீரோ கிடைத்தால் போதும், மரம் பூவை மறந்துவிட்டு இலையைத் தள்ளும். தழைச்சத்து உரம் போட்டாலும் அதுதான் நடக்கும், கத்தியை வைத்தாலும் அதுதான். பேச்சிப்பாறை அணை பக்கத்திலேயே நிறைந்து கிடக்கிறது. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1906இல் கட்டி முடித்த அணை. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அணை அருகில்தான் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர் இருந்தும் மரத்தைத் தாகத்தில் நிறுத்துவதுதான் இந்த மாதத்து வேலை.

"தண்ணி விடாம இருக்கதுக்குத்தான் இப்போ மனசு வேணும், கேட்டீளா" என்றார் ஒரு தோட்டக்காரர். அறுபது வயதிருக்கும். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேட்காமலே கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத சாயா, வந்தது. பெயர் கேட்பதற்கு முன்பே "சாப்பிட்டீளா" என்று கேட்கிற ஊர் இது.

எவ்வளவு வாடவிடலாம் என்பதற்கு அவர் சொன்ன கணக்கு எல்லோருக்கும் உதவும். நடுப்பகலில் இலை லேசாகத் தொங்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு மேல் நிமிர்ந்துவிட்டால் மரம் நன்றாக இருக்கிறது என்று பொருள். இருட்டிய பிறகும் தொங்கினால் வேர் சிரமப்படுகிறது, அன்று மட்டும் மரத்தடியைச் சுற்றி உயிர்த்தண்ணீர் கொடுக்கலாம். மூன்று வயதுக்குக் குறைந்த கன்றுகளுக்கு இந்தச் சோதனை கூடாது, அவற்றுக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர் உண்டு. பூங்கொத்து விரல் நீளம் வந்த பிறகு பெரிய மரத்துக்கும் தண்ணீர் தொடங்க வேண்டும். முதல் வாரம் கொஞ்சமாகவும் பிறகு கூட்டியும் விட வேண்டும். ஆசையில் முதல் நாளே குளமாகத் தேக்கினால் பூ கொட்டும். பூ வந்த பிறகும் வறட்சியில் விட்டால் பிஞ்சு கொட்டும்.

அதுவரை கை சும்மா இருக்காது. அவர் வீட்டுத் திண்ணை முழுக்க வலை. ரம்புட்டான் பழுத்தால் வௌவால் ஒரே இரவில் ஒரு மரத்தை முடித்துவிடும், அதனால் மரம் முழுவதையும் வலையால் மூட வேண்டும். கடற்கரை ஊர்களில் கழித்துக்கட்டிய மீன்வலையை எடைக்கு வாங்கி வந்து, கிழிசல் பார்த்து, இந்த மாதங்களில் பின்னி வைக்கிறார்கள். பின்னும் ஊசியும் அளவுக் கட்டையும் மீனவர்கள் வைத்திருப்பது போலவே மூங்கிலில் செய்தவை. கண்ணி இரண்டு விரலுக்கு மேல் இருந்தால் வௌவாலின் தலை நுழைந்து சிக்கிச் சாகும். சிறு கண்ணியாக இருந்தால் மோதிவிட்டுத் திரும்பிப் போய்விடும். வௌவால் சாகக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். வலையைத் துளி கூடத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுவது அதற்காகவும்தான்.

இந்தப் பகுதியில் விதையிலிருந்து வளர்த்த பழைய ரம்புட்டான் மரங்களும் நிற்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகப் போய்விடும். ஏழெட்டு வருடம் வளர்த்த பிறகு அது தெரியவரும்போது மனம் கலங்கும். மொட்டு ஒட்டுக் கட்டிய கன்று வாங்கச் சொல்வது இதனால்தான். மங்குஸ்தானுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் விதை மகரந்தம் சேராமலே உண்டாவது, தாய் எப்படியோ கன்றும் அப்படியே. பொறுமை மட்டும் வேண்டும், காய்க்கவே ஏழு முதல் பத்து வருடம் ஆகும். பேச்சிப்பாறையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்து வெளியிட்ட பி.பி.ஐ. 1 என்ற பலா வகை ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கும்.

மதியம் மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன்கறியும், 80 ரூபாய். கிழங்கு பசைபோலக் குழையாமல் உதிர்ந்தது, அதற்கே இன்னொரு தட்டு வாங்கலாம்.

இரவு எட்டு மணிக்கு மேல் தூறல் பிடித்தது. தங்கிய வீட்டுக்காரர் முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்த்தபடி நின்றார். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. மண்ணைக் காலால் கீறிப் பார்த்து, "மேலத்தான் நனைஞ்சிருக்கு" என்று உள்ளே போனார். இந்த ஊரில் மழைக்காக வேண்டிக்கொள்ளாத ஒரே மாதம் இதுவாகத்தான் இருக்கும்.

ஜனவரி 7, புதன். தடிக்காரன்கோணம், கீரிப்பாறை

வழி தவறியது இன்றுதான். கீரிப்பாறைப் பேருந்து காலையில் ஒன்று, அது போய்விட்டால் அடுத்தது மதியம் என்று சொன்னார்கள். காலை வண்டியைப் பனிமூட்டத்தில் தவறவிட்டு, தடிக்காரன்கோணம் வரை ஒரு ரப்பர் ஷீட் ஏற்றிய வேனில் போக வேண்டியதாயிற்று. வேன்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். மேலே மலைத்தோட்டங்களுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி. அனுமதி இல்லாமல் விடமாட்டோம் என்றார்கள். கிராம்பு மரத்தடியில் நிற்கிற ஆசை இந்த முறை நிறைவேறவில்லை. திரும்பி நடந்ததில் காலில் இரண்டு அட்டை. மழை நின்று வாரங்கள் ஆனாலும் சருகுக்கடியில் ஈரம் இருந்தால் அட்டை இருக்கும். உப்புப் பொட்டலம் எடுத்துப் போங்கள்.

மலையில் பறித்த கிராம்பு அடிவாரத்தில்தான் காய்கிறது, அதனால் பயணம் வீணாகவில்லை. இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும்பங்கு இந்த மலைகளில்தான். மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலை. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அறுவடை டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். பழத்துக்கு ஓய்வுள்ள மாதங்களில் கையில் காசு புரள்வது இந்த மொட்டால்தான். கீழே பழமரமும் மேலே சிறிது கிராம்பும் வைத்திருப்பவர்களும், மலையில் பறிப்புக் கூலிக்குப் போகிறவர்களும், பழம் முடிந்ததும் இதில் இறங்கிவிடுகிறார்கள்.

பறிப்பில் நேரம்தான் எல்லாம். மொட்டின் அடிப்பகுதி பச்சையிலிருந்து வெளிர் சிவப்புக்கு மாறும்போது பறிக்க வேண்டும். தலை திறந்து பூவாகிவிட்டால் அதன் விலை பாதி போயிற்று. அதையும் விட்டுவிட்டால் காயாகி முற்றும், அதைக் கிராம்பாக யாரும் வாங்கமாட்டார்கள். ஒரே மரத்தில் எல்லாக் கொத்தும் ஒன்றாகத் தயாராகாது, நான்கைந்து முறை ஏற வேண்டும். கிராம்புக் கிளை முறுக்கு மாதிரி உடையும். கிளையை இழுத்து ஒடித்துவிட்டால் அடுத்த வருட மொட்டும் போய்விடும். அதனால் நடுமரத்தில் நீள ஏணியைக் கட்டி, கயிறு போட்டுக் கிளையை மெல்லச் சாய்த்துப் பறிக்கிறார்கள். ஒக்கிப் புயலில், 2017 நவம்பர் கடைசியில், விழுந்த மரங்களுக்குப் பதிலாக நட்டவை இப்போதுதான் காய்ப்புக்கு வருகின்றன என்றார் ஒரு அக்கா. கிராம்புக்கு முதல் மொட்டு வர ஏழு, எட்டு வருடம்.

மதியத்துக்குள் மூட்டை கீழே வந்துவிடுகிறது. வீட்டு முற்றத்தில் ஐந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கொத்தை உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் ஒரு திருகு திருகினார்கள். மொட்டு தனி, காம்பு தனி. கண் பார்க்காமலே கை ஓடுகிறது, பேச்சும் ஓடுகிறது. பேச்செல்லாம் பிள்ளைகளின் படிப்பு, சுசீந்திரம் தேர்த் திருவிழாக் கூட்டம், யார் வீட்டுக் கல்யாணம் என்றே போனது. காம்பையும் எறிவதில்லை, எண்ணெய் எடுப்பவர்கள் வாங்குகிறார்கள்.

பறித்த அன்றே விரித்துவிட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரவு மூட்டையில் குவிந்து கிடந்தால் புழுங்கி, காய்ந்த பிறகு வெளிறிச் சுருங்கிப்போகும். ஓலைப்பாயிலோ சிமெண்ட் தளத்திலோ ஒரே அடுக்காகப் பரப்பி, மணிக்கு ஒருமுறை கையால் கிளறி, பனி இறங்குமுன் அள்ளி உள்ளே வைக்கிறார்கள். நல்ல வெயிலில் நான்கைந்து நாள். மூன்று கிலோ பச்சை மொட்டு ஒரு கிலோவாகும். சரியாகக் காய்ந்ததை நடுவில் வளைத்தால் டக்கென்று ஒடியும், நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். வளைந்து நின்றால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். வெயில் இல்லாத நாட்களில் அடுப்புப் பரணில் ஏற்றுவதும் உண்டு. ஆனால் புகை பிடித்த கிராம்பை வியாபாரி முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்.

சாப்பாடு அவர்கள் வீட்டிலேயே. அவித்த காச்சில் கிழங்கு, காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் சதைத்துத் தேங்காயெண்ணெய் ஊற்றிய சம்மந்தி, கட்டன்சாயா. காசு கொடுக்கப்போனால் கோபித்துக்கொண்டார்கள். வரும்போது ஒரு பிடி கிராம்பு காகிதத்தில் மடித்து வந்தது. பை இப்போதும் மணக்கிறது.

ஜனவரி 8, வியாழன். மார்த்தாண்டம்

இந்த வட்டாரத்துப் பழத்தோட்டக்காரர்களில் பலர் தேனீக்காரர்களும்தான். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய கிராம மறுசீரமைப்புப் பணிகளோடு பரவிய தொழில் இது. நியூட்டன் பெட்டி என்பதுதான் இங்கே வழக்கம். அடிப்பலகை, தேனீ அடை கட்டும் ஏழு மரச்சட்டம் கொண்ட புழு அறை, அதன் மேல் தேன் அறை, மேல்மூடி. தூண் மேல் வைத்து, தூணைச் சுற்றி ஒரு கிண்ணத்தில் தண்ணீரோ கழிவெண்ணெயோ ஊற்றி எறும்பைத் தடுக்கிறார்கள்.

ரப்பர் மரத்தில் தேன் பூவிலிருந்து வருவதில்லை, அதிகம் பேருக்கு இது தெரியாது. ஜனவரி கடைசியில் ரப்பர் இலை உதிர்க்கும், பால்வெட்டு நிற்கும். பிப்ரவரியில் செம்பழுப்புத் தளிர் வரும். மூன்று இலைகள் சேருகிற காம்பு நுனியில் சின்னச் சுரப்பி இருக்கிறது, தளிர் இளசாக இருக்கும்வரை அதில்தான் தேன் ஊறும். ஏப்ரல் வரைக்கும் அறுவடை. அந்த ஊற்று தொடங்குகிறபோது பெட்டியில் ஈக்கூட்டம் ததும்பி இருக்க வேண்டும், அதற்கான ஆயத்தம்தான் இந்த மாத வேலை.

காலை ஒன்பதுக்கு மேல், வெயில் ஏறிய பிறகு ஒரு தோப்பில் பெட்டி திறந்தார்கள். குளிரில் திறந்தால் புழு குளிர்ந்து சாகும். மழை மாதங்களில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த கரைசலைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமலிருக்க ஒரு குச்சி மிதக்கவிட்டு, வாரம் ஒருமுறை மாலையில் வைக்கிறார்கள். பகலில் வைத்தால் அயல் கூட்டம் கொள்ளையடிக்க வந்துவிடும். தேன் வரத்து தொடங்கியதும் சர்க்கரையை நிறுத்திவிட வேண்டும். அப்படி நிறுத்தாமல் எடுத்த தேனைத் தேன் என்று விற்பது ஏமாற்று. இந்தத் தோப்பில் அதைப் பற்றிப் பேசும்போதே குரல் உயர்ந்தது, அந்தக் கோபம் நியாயமானது.

கூட்டம் பிரிப்பது அக்டோபரில் தொடங்கி இப்போது முடிகிற நிலையில் இருக்கிறது. ராணி அறை கட்டிய சட்டம் ஒன்று, மூடிய புழு உள்ள சட்டம் இரண்டு, தேனும் மகரந்தமும் உள்ள சட்டம் ஒன்று. இவற்றை ஈக்களோடு புதுப் பெட்டிக்கு மாற்றி, பழைய பெட்டியிலிருந்து தள்ளி வைக்கிறார்கள். மாற்றுமுன் ஒவ்வொரு சட்டத்தையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார்கள். புழு தண்ணீர்ப் பை போல வீங்கி, தலை தூக்கிக் கிடந்தால் அந்தப் பெட்டியிலிருந்து எதையும் எடுப்பதில்லை. 1991, 92இல் தாய் சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. இந்தத் தோப்பில் அப்போது மிஞ்சியது இரண்டே பெட்டி. வயதானவர்கள் சட்டத்தை அத்தனை நேரம் உற்றுப் பார்ப்பதற்குக் காரணம் அந்த ஞாபகம்.

மதியம் இடிச்சக்கைத் துவரன். முள் கூட முற்றாத பலாப்பிஞ்சை வேகவைத்து, அம்மியில் இடித்து, தேங்காய் போட்டுப் புரட்டியது. காய்ப்பு அதிகமான மரத்தில் பிஞ்சைக் கலைத்துவிட்டால் மிச்சம் பெரிதாகும். கலைத்தது இப்படிக் கறியாகிறது.

மாலையில் சாயாக்கடைப் பின்புறம் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம். ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஒரு சீட்டுச் சாதிக்கு ஏழு, நான்கு சாதிக்கு இருபத்தெட்டு. நான்கு பேரும் தோட்டக்காரர்கள், நால்வருக்கும் ரம்புட்டான் உண்டு. காசு வைப்பதில்லை, தோற்ற கட்சி சாயா வாங்கித்தர வேண்டும். ஒருவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, வீட்டில் பம்பு ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று மகனுக்குப் போன் செய்தார். பிள்ளைகள் செடி வாடுகிறதே என்று தண்ணீர் திறந்துவிடுவார்களாம். "சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு போடும்" என்றார் எதிரில் இருந்தவர், விளையாட்டாக அல்ல.

ஜனவரி 9, வெள்ளி. கொட்டாரம், கன்னியாகுமரி

மேற்கே மலைச்சாரலில் எல்லா மரமும் அடங்கி நிற்க, கிழக்கே கொட்டாரத்தில் மாமரம் காயோடு நின்றது. ஒரே மரத்தில் ஒரு பக்கம் முற்றிய காய், மறுபக்கம் புதுப் பூ. தென்முனையில் இரண்டு பருவமழையும் இரண்டு வறட்சியும் மாறி மாறி வருவதால் நீலம் போன்ற வகைகள் ஆண்டில் இரண்டு தரம் பூக்கின்றன. மழையின் அளவு மலையடிவாரத்தை விட இங்கே மிகக் குறைவு, மரத்துக்குத் தாகத்தை வலிந்து ஏற்படுத்த வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் மாம்பழம் இல்லாத மாதத்தில் காய்ப்பதால் கிலோ 150 ரூபாய்க்குத் தோட்டத்திலேயே போகிறது.

குறையும் உண்டு. ஆண்டு முழுக்கப் பூவோ காயோ மரத்தில் இருப்பதால் தத்துப்பூச்சிக்கும் கொட்டை வண்டுக்கும் இடைவெளியே கிடைப்பதில்லை. கொட்டை வண்டு பிஞ்சிலேயே முட்டையிட்டுவிடும், வெளித்தோலில் ஒரு வடுவும் தெரியாது, பழத்தை வெட்டும்போதுதான் கொட்டைக்குள் கறுப்பு வண்டு. விழுந்த காயையும் கொட்டையையும் தோட்டத்தில் விடாமல் அன்றன்றே பொறுக்கி ஆழக் குழியில் புதைப்பதுதான் இங்கே காலை வேலை. ஓய்வு இல்லாத தோட்டம் இது. இந்த ஐந்து நாளில் களைத்த முகங்களைப் பார்த்ததும் இங்கேதான்.

சாலையோரத்தில் பனங்கிழங்கு, பத்துக் கிழங்கு கொண்ட கட்டு 50 ரூபாய், பொங்கலுக்காக வந்திறங்கியது. மஞ்சள் போட்டு அவித்த ஒன்றைத் தோல் உரித்து, நார் கிழித்து, கையில் கொடுத்தார் விற்கிற அம்மா. கடல் பக்கம் காற்று கடுமை, பெட்டிக்கடைகளின் தார்ப்பாய்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன.

மாலையில் குலசேகரத்துக்காரர் போனில் அழைத்தார். செவ்வாய் இரவுத் தூறலுக்குப் பிறகு மழை இல்லை. இன்று நடுப்பகலில் இலை தொங்கியது, ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டது. நுனியில் ஏதோ புடைத்திருக்கிறது, பூவா தளிரா என்று சொல்ல இன்னும் பத்து நாள் வேண்டும் என்றார். வலை இரண்டு மரத்துக்குப் பின்னி முடிந்துவிட்டதாம், மூன்றாவதைத் தொடங்கியிருக்கிறார்.